அப்டேட்: விவிட்டார் 283 ஃபிளாஷுக்கு சிங்க் கார்டு (ஒயர்) கிடைச்சிடுச்சு

அப்பாவோட பழைய விவிட்டார் 283 ஃபிளாஷுக்கு சிங்க் கார்டு (கேமரா க்ளிக் ஆகும்போது ஃபிளாஷையும் அடிக்க வைக்கிற ஒயர்) எங்க கிடைக்கும்னு கேட்டிருந்தேன்ல, கிடைச்சிடுச்சு. சாதா பிசி கார்டு (கேமராவோட பிசி சாக்கெட்ங்கிற சின்ன ஃபிளாஷ் ஓட்டைல மாட்டற பொதுவான சிங்க் ஒயர்) இதுல ஏறாது, ஃபிளாஷ் பக்கம் தனி மாதிரி பின், அது தெரியாம ரெண்டு கார்டு வாங்கி ஏமாந்தேன் (இன்னும் டிராயர்ல தூங்குது). கடைசில ஒரு ரிப்பேர் கடை அண்ணன் டப்பாவ கொட்டித் தேடி எடுத்துக் குடுத்தாரு. என் நிக்கான் டி750ல பிசி சாக்கெட்டே கிடையாது, அதனால ஹாட் ஷூல (கேமரா தலைல ஃபிளாஷ் மாட்டற இடம்) பிசி சாக்கெட் குடுக்கற ஏஎஸ்-15 அடாப்டர் போட்டேன். மாட்டறதுக்கு முன்னாடி மல்டிமீட்டர் வச்சுப் பாத்தா ட்ரிக்கர் வோல்டேஜ் (ஃபிளாஷ்லேருந்து கேமராவுக்கு வர்ற வோல்டேஜ்) 190, நிக்கான் மேனுவல்ல 250 தாண்டக்கூடாதுன்னு இருக்கு, தப்பிச்சேன். 6 வோல்ட் மட்டும் தாங்குற கேமரா வச்சிருக்கவங்க வெயின் சேஃப் சிங்க் (இந்த வோல்டேஜக் குறைச்சுக் குடுக்கற அடாப்டர்) இல்லாம மாட்டிடாதீங்க. ஷட்டர் ஸ்பீடு 1/200ல நல்லா அடிக்குது.