காலை உணவு சீரியல் வரிசையின் நடுவில் ஒரு கம்பி மூடி

மிச்சிகனில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய மளிகைக்கடை ஒரு காலத்தில் கேமார்ட் என்ற மலிவுவிலைப் பல்பொருள் கடை. அந்தக் கம்பெனியின் முதல் கடையே 1962இல் இதே மாநிலத்தின் கார்டன் சிட்டியில்தான் திறந்தது. 2002இல் திவால் மனு போட்டபின் கடை கடையாக மூடினார்கள். காலியான கட்டடங்களில் யார் யாரோ குடிவந்தார்கள். எங்கள் ஊரில் மளிகை வந்தது. வந்தவர்களும் சும்மா இருக்கவில்லை, உள்ளே இரண்டு தடவை மாற்றிக் கட்டிவிட்டார்கள்.

பார்த்தால் தெரியாது, வண்டி தள்ளினால் தெரியும். பால் இருக்கும் பக்கம் போகும்போது சக்கரம் 'டக்'கென்று ஏறி இறங்கும். தரையை வெட்டி சிமெண்ட் போட்டு மூடிய நீளப் பட்டை அது. இப்போது ரொட்டி அடுக்கியிருக்கும் இடத்தில் அடைத்த போல்ட் ஓட்டைகள் வரிசையாக இருக்கின்றன. பில் போடும் கவுண்டர் அங்கே நின்றிருக்க வேண்டும். டைல்ஸைப் பெயர்த்துவிட்டு கான்கிரீட்டைப் பளபளப்பாக்கியிருக்கிறார்கள், ஆனாலும் பழைய பசை ஒரு அடிக் கட்டம் கட்டமாகத் தெரிகிறது.

விளக்கு கதை தனி. கூரையில் விளக்குகள் வடக்கு தெற்காக ஓடுகின்றன, அலமாரிகள் கிழக்கு மேற்காக. ஒரே வரிசையில் நாலு எட்டு வெளிச்சம், நாலு எட்டு மங்கல். ஊறுகாய் பாட்டிலில் தேதி பார்க்க அதைக் கையில் எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்கு நடக்கிறேன்!

எனக்குப் புரியாதது ஒன்றுதான். சீரியல் (பாலில் போட்டுச் சாப்பிடும் தானியச் சீவல்) வரிசையின் நட்டநடுவில், தரையோடு தரையாக ஒரு கம்பி மூடி. போன மாதம் கடைப் பையன் ஒருவன் ஒரு வாளி நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து அதற்குள் ஊற்றிவிட்டுப் பேசாமல் போனான். என்ன வேண்டுதலோ!

* * *

நான் கலிஃபோர்னியாவிலிருந்து எழுதுகிறேன். சான் பிரான்சிஸ்கோ மெரினா பகுதியில் 1959இல் சேஃப்வே என்ற மளிகைக்கடைக் கம்பெனி கட்டிய வளைகூரைக் கடையைப் பார்த்திருப்பீர்கள். அதே அச்சில் பல ஊர்களில் கட்டினார்கள். எங்கள் ஊரில் அப்படி ஒன்று கைமாறி, பொய்க்கூரை போட்டு உள்ளே தட்டையாகிவிட்டது. ஒரு மழைநாளில் ஒழுகி ஒரு பலகை கழன்றது. அண்ணாந்து பார்த்தால் இருட்டுக்குள் அந்தப் பழைய வளைவு. தக்காளியை மறந்துவிட்டு நின்றேன்.

* * *

மிச்சிகன் சார், அந்தப் பையன் தண்ணீர் ஊற்றியது வேண்டுதல் இல்லை, நாற்றம்! கடைகளுக்குக் குளிர்பெட்டி மாட்டிக் கொடுப்பது என் வேலை. ஃப்ரீசர் பெட்டியில் உறையும் பனியை தினமும் சில தடவை உருக்கிவிட வேண்டும். அந்தத் தண்ணீர் போகத்தான் தரையில் குழி. பெட்டியை இடம் மாற்றலாம், கான்கிரீட்டுக்குள் புதைந்த குழாயை மாற்றுவது பெரிய செலவு. அதனால் மூடி மட்டும் போட்டு விட்டுவிடுவார்கள். குழியின் அடியில் வளைந்த குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும், அது வற்றினால் சாக்கடை வாடை மேலே வரும். பையன் ஊற்றியது அதற்குத்தான். ஒரு மூடி மட்டும் இருக்காது, அதே நேர்கோட்டில் தேடிப் பாருங்கள்.

* * *

மறுபடியும் மிச்சிகனிலிருந்து. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நாலு. நாலாவது, சர்க்கரை மூட்டை அடுக்கின அலமாரிக்கு அடியில். நான் குனிந்து கிடந்ததைப் பார்த்து ஒரு பாட்டி, காசு விழுந்துவிட்டதா என்று கேட்டுத் தானும் தேட ஆரம்பித்துவிட்டார்.