கச்சான் காற்றில் புறாமலையிலிருந்து திரும்பும்போது எவ்வளவு பாய் விரிப்பது?

நிலாவெளியான்:

வணக்கம். திருகோணமலை உள்துறைமுகத்தில் 34 அடி நீளமான, ஒற்றைப் பாய்மரம் கொண்ட படகொன்றை வைத்திருக்கிறேன். பெரிய பாயில் இரண்டு றீஃப் (காற்றுக் கூடும்போது பாயை ஓரளவு இறக்கி, அடிப்பகுதியைக் கட்டிச் சிறிதாக்கும் நிலைகள்) உண்டு. முன்பாய், சுருட்டியில் (பாயைத் தன்மேல் சுற்றிக்கொள்ளும் கருவி) ஏற்றிய 135 சதவீத ஜெனோவா, அதாவது பாய்மரத்துக்கும் முன்கயிற்றுக்கும் இடையிலான தூரத்தையும் தாண்டிப் பின்னே நீளும் பெரிய பாய். கடந்த ஆனியில், தென்மேற்குக் காற்றான கச்சான் 20 நொட் (மணிக்கு 20 கடல்மைல்) அளவில் வீசிக்கொண்டிருந்த ஒரு நாள், மகளையும் கூட்டிக்கொண்டு, நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாமலைத் தீவுப் பக்கம் போனேன். போகும்போது முழுப் பாயுடன் சுகமாகவே ஓடினோம். திரும்பி வரும் வழியில், கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையின் பாறையடியை நெருங்கியதும் படகு 30 பாகைக்கு மேல் சரிந்து, சுக்கானை இரண்டு கைகளாலும் இழுத்துப் பிடித்தும் கேளாமல் காற்றை நோக்கித் திரும்பியது. ஜெனோவாவைப் பாதியளவு சுருட்டினேன். சரிவு சற்றுக் குறைந்தது. ஆனால் சுக்கானின் இழுவை குறையவில்லை, படகும் காற்றுக்கு எதிரே ஏற மறுத்துக் கிழக்கே ஒதுங்கிக்கொண்டே போனது. மகள் அதன் பிறகு படகில் ஏறத் தயங்குகிறாள். ஜிப் எனும் சிறிய முன்பாய் ஒன்றைத் தைப்பிப்பதா, பெரிய பாயில் மூன்றாவது றீஃப் வைப்பிப்பதா? இரண்டையும் இந்த ஆண்டே செய்யப் பணம் போதாது.

கொட்டியாரத்தான்:

ஐயா, பாயை மாற்றுவதற்கு முன் அன்று நடந்ததைக் கணக்கில் பார்ப்போம். புறாமலைக்குப் போகையில் தென்மேற்குக் காற்று உங்கள் இடப்பக்கத்தில், சற்றுப் பின்னிருந்து வந்தது. உண்மைக் காற்று 20 நொட், படகின் வேகம் ஐந்தரை நொட் என்று கொண்டால், பாய்களில் பட்டது ஏறத்தாழ 18 நொட் மட்டுமே. திரும்பி வரும்போது அதே காற்று முன்னிருந்து வருவதால் அது 23 நொட்டாகிறது. காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், வானிலை சிறிதும் மாறாமலே உங்கள் பாய்கள் ஒன்றரை மடங்குக்கும் கூடிய சுமையைத் தாங்கின. போகும் வழிதான் நம்மை ஏமாற்றுகிறது. கரையோரத்தில் தரைக்காற்று அலையை எழுப்பாமல் வீசுவதால், நீரைப் பார்த்தும் காற்றின் பலத்தை அறிய முடியாது.

ஆகவே திரும்புவதற்கு முன்பே, நிலாவெளிக் கரையோர அமைதியில் வைத்து றீஃப் போட்டுவிடுங்கள். அதையும் பெரிய பாயில் தொடங்குங்கள். முன்பாயை மட்டும் குறைத்தபோது பாய்களின் விசை மையம் பின்னுக்கு நகர்ந்தது. அதனாலேயே சரிவு குறைந்தும் சுக்கான் இழுத்தது. இந்தக் காற்றில் காற்றுக்கு எதிரே ஏறும் வலுவை இழப்பது சிறிய விடயம் அல்ல. மார்கழியில் வடகிழக்கிலிருந்து வீசும் வாடையில் வழுக்கினால் கரை நம்மைப் பிடித்துக்கொள்ளும், அதுவும் ஆபத்துத்தான். கச்சானில் வழுக்கினால் வங்காள விரிகுடாவே முன்னால் கிடக்கிறது.

பாய் தைப்பவன்:

பாதி சுருட்டிய ஜெனோவா சிறிய ஜிப் ஆகிவிடுவதில்லை. சுருளச் சுருள நடுவில் வயிறு வைத்து, படகை முன்னே இழுக்காமல் பக்கவாட்டில் சரிக்கவே செய்யும். மூன்றிலொரு பங்குக்கு மேல் சுருட்ட வேண்டிய காற்றென்றால் அந்தப் பாய் அந்தக் காற்றுக்கு உரியது அல்ல. சுருட்டும்போது, பாயின் பின்மூலையை இழுத்துப் பிடிக்கும் ஷீட் கயிறு செல்லும் கப்பியையும் முன்னே நகர்த்த வேண்டும். பலர் இதை மறந்துவிடுவதால் பாயின் மேற்பகுதி படபடத்து ஓரத் தையல் அறுகிறது. என் தீர்ப்பு: வைகாசி முதல் புரட்டாசி வரை சுருட்டியில் 95 சதவீத, தட்டையாக வெட்டிய ஜிப் இருக்கட்டும், ஜெனோவாவைச் சித்திரையின் மென்காற்றுக்கு வையுங்கள்.

பெரிய பாயைத் தட்டையாக்குவதும் அவ்வளவே முக்கியம். ஏற்றுகயிற்றை முன்னோரச் சுருக்கங்கள் மறையும்வரை இறுக்கி, பூமின் (பாயின் அடியோரத்தைத் தாங்கும் கிடைமரம்) முனைக் கயிற்றையும் இறுக்கி, அறைகாற்று வரும்போது ட்ராவலரை (பூமைப் பிடிக்கும் கயிறு குறுக்கே நகரும் தண்டவாளம்) காற்று மறைவுப் பக்கம் இறக்குங்கள். படகு சற்று நிமிரும், சுக்கான் கையில் இலேசாகும். சுக்கானை ஐந்து பாகைக்கு மேல் திருப்பிப் பிடிக்க வேண்டியிருந்தால் அது தடுப்புப் பலகையாக மாறிவிட்டது என்று கொள்ளலாம்.

தண்டல் வழிவந்தவன்:

நண்பரின் முடிவுடன் எனக்கு உடன்பாடு இல்லை. சுருட்டியில் உள்ள பாயை மாற்ற வேண்டுமென்றால் முதலில் அதை முழுதாக விரித்தாக வேண்டும். 25 நொட் காற்றில் ஒருவரும் மகளுமாக அதைச் செய்ய முடியாது. துறைமுகத்தில் எந்தப் பாயை ஏற்றினோமோ அதோடுதான் நாள் முழுதும். பெரிய பாயின் றீஃபோ கடலில் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் உள்ளது, ஆனால் அது ஒழுங்காகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். பாயின் பின்னோரத்திலுள்ள றீஃப் வளையத்தை இழுக்கும் கயிறு பூமில் கட்டப்பட்ட இடத்தைப் பாருங்கள். அது வளையத்துக்கு நேர் கீழே அல்லாமல் ஒரு சாண் அளவு பின்னே இருந்தால்தான் பாயைக் கீழும் பின்னும் ஒருங்கே இழுத்துத் தட்டையாக்கும். பாயின் நடுவே வரிசையாக உள்ள சிறு கண்களின் நாடாக்களைச் சுமை தாங்க விடாதீர்கள்; அவை தொங்கும் துணியைக் கட்டி வைப்பதற்கே. இறுக்கிக் கட்டினால் அந்தக் கண்களிலிருந்து பாய் கிழியும். ஏற்றுகயிற்றில் ஒவ்வொரு றீஃபுக்கும் உரிய இடத்தில் நிறநூல் சுற்றித் தைத்துவிடுங்கள். எவ்வளவு இறக்குவதென்று மகள் கண்ணால் பார்த்தே அறிவாள்.

நிலாவெளியான்:

மூவருக்கும் நன்றி. இன்று காலை பூமை அளந்து பார்த்தேன். இரண்டாவது றீஃபின் கயிறு வளையத்துக்கு நேர் கீழேகூட இல்லை, நான்கு விரற்கடை முன்னே கட்டப்பட்டிருந்தது; ஆகவே அந்த றீஃபைப் போட்டிருந்தாலும் பாய் வயிறு வைத்தே நின்றிருக்கும். அதைப் பின்னுக்கு நகர்த்திவிட்டேன். ஜிப்புக்கான பணத்தை ஒதுக்கி வைக்கிறேன். வரும் கச்சானுக்கு முன், துறைமுகத்துக்குள் நங்கூரத்தில் நின்றபடியே, காலைக் காற்றெழுமுன் மகளும் நானும் பத்து முறை றீஃப் போட்டு எடுப்பதென்று முடிவு செய்திருக்கிறோம். நிறநூலை அவளே தைக்கிறாள்: முதலாவதற்குச் சிவப்பு, இரண்டாவதற்கு நீலம்.