தலைப்பு வைத்துப் பாடும் கச்சேரிகள்: ஆஸ்திரேலிய கிராமத்து இசை விழா அனுபவங்கள்

மெல்பர்னிலிருந்து

இங்கே கிராமத்து நாட்டுப்புற இசை விழாக்களுக்குப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பெரிய மேடையில் யார் வருகிறார்கள் என்று பார்த்துத்தான் டிக்கெட் வாங்குகிறார்கள். நான் சொல்ல வந்தது வேறு. நிகழ்ச்சி நிரலில் ஒரு ஓரமாக, ஏதோ ஒரு சர்ச் ஹாலில் மதியம் இரண்டு மணிக்கு என்று போட்டு, பாடகர் பெயரே இல்லாமல் "தங்க வயல் பாட்டுகள்", "ரயில் பாட்டுகள்", "வேலைநிறுத்தப் பாட்டுகள்" என்று தலைப்பு மட்டும் இருக்கும் பாருங்கள், அதற்குப் போங்கள். போய் வந்தவர்கள் இங்கே எழுதுங்கள். முதலில் நான் பார்த்தது.

விக்டோரியாவில் மால்டன் என்று ஒரு சின்ன ஊர். 1853 கடைசியில் தங்கம் கிடைத்து உண்டான ஊர், தங்கம் தீர்ந்ததும் வளராமல் அப்படியே நின்றுவிட்டது. நடைபாதைக்கு மேல் தகரத் தாழ்வாரம் இறக்கிய பழைய கடைகள் இடிபடாமல் வரிசையாக இருப்பதால் 1966இல் பழைய கட்டடங்களைக் காக்கும் அமைப்பான நேஷனல் டிரஸ்ட் பாதுகாக்க வேண்டிய ஊர் என்று நாட்டிலேயே முதலில் இதைத்தான் அறிவித்தது. 1974இல் இங்கே இசை விழா ஆரம்பித்தார்கள். மெல்பர்ன் கப் குதிரைப் பந்தயத்தை ஒட்டி வரும் வார இறுதியில் நடக்கும், ஊர் முழுக்கக் கூடாரமும் கேரவனும்தான்.

தலைப்புக் கச்சேரி எப்படி என்றால், ஐந்தாறு பேர் நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். எல்லாரும் வேறு வேறு குழு, சிலருக்குப் பாட்டு தொழிலே இல்லை, ஒருவர் ஓய்வு பெற்ற வாத்தியார், ஒருவர் பிளம்பர். ஒருவர் ஒரு பாட்டுப் பாடி, அது எப்படி வந்தது என்று இரண்டு நிமிடம் பேசி, அடுத்தவரிடம் விட்டுவிடுவார். ஒத்திகை என்று பெரிதாக எதுவும் இல்லை. பக்கத்து நாற்காலிக்காரர் ஃபிடிலைத் தோளில் வைத்து ராகம் பிடிபடுகிறதா என்று மெல்லத் தடவிப் பார்த்து, இரண்டாவது கோரஸில் தைரியமாகச் சேர்ந்துகொள்வார். அந்தத் தடவல்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

நான் உட்கார்ந்தது தங்க வயல் கச்சேரியில். 1850களின் தொடக்கத்தில் தங்கம் தோண்ட மாதம் 30 ஷில்லிங் உரிமக் கட்டணம், தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கட்டியே ஆக வேண்டும். போலீஸ் சோதனைக்கு வருவது தெரிந்தால் குழிக்குக் குழி "ஜோ! ஜோ!" என்று கத்துவார்களாம். அப்போதைய கவர்னர் சார்லஸ் ஜோசஃப் லா ட்ரோபின் பெயரில் உள்ள ஜோசஃப்தான் அந்த ஜோ. பாடினவர் இதைச் சொல்லிவிட்டு, "பாட்டில் போலீஸ் என்று வரும்போதெல்லாம் நீங்கள் கத்த வேண்டும்" என்றார். முதல் தடவை எல்லாரும் கூச்சத்தோடு முனகினார்கள், நாலாவது தடவை எனக்கு முன்னால் பின்னல் போட்டுக்கொண்டிருந்த பாட்டி ஊசியைத் தூக்கிப் பிடித்து "ஜோ" என்று போட்ட சத்தத்தில் ஹாலுக்கு வெளியே நாய் குரைத்தது. இந்தக் கட்டண எரிச்சல்தான் முற்றிப் போய் 1854 டிசம்பர் 3 அன்று பாலராட் ஊரில் தங்கம் தோண்டுகிறவர்களுக்கும் அரசுப் படைக்கும் நடந்த யுரேக்கா மோதல் ஆனது. அந்தப் பகுதியை அவர்கள் பாட்டாகவே பாடவில்லை, வெறும் டிரம் மட்டும் தட்டினார்கள்.

அப்புறம் ஒரு பெண்மணி சார்லஸ் தாட்சர் பற்றிப் பேசினார். இங்கிலாந்திலிருந்து தங்கம் தோண்ட வந்து, அது சரிப்படாமல் பெண்டிகோ என்ற ஊரில் பாட்டுக்காரராக மேடை ஏறியவர். ஊரறிந்த மெட்டை எடுத்து அன்றைக்கு ஊரில் நடந்ததை அதில் ஏற்றிப் பாடுவார், பாட்டை அச்சடித்தும் விற்பார். சிரிக்கச் சிரிக்க இரண்டு பாட்டு ஆனது. மூன்றாவதாக அந்த அம்மா, "இவர் சீனர்களைக் கேலி செய்தும் எழுதியிருக்கிறார், அது என்னிடம் இருக்கிறது, பாடப் போவதில்லை" என்று சொல்லி, இரண்டே வரி வாசித்துக் காட்டிவிட்டுத் தாளை மடித்துவிட்டார். சீனர்கள் என்ன பாடுபட்டார்கள் என்பதை அதன் பிறகுதான் சொன்னார். 1855இல் விக்டோரியா அரசு கப்பலில் வரும் ஒவ்வொரு சீனருக்கும் 10 பவுண்டு வரி போட்டது. கப்பல்காரர்கள் அவர்களைப் பக்கத்து மாநிலமான தெற்கு ஆஸ்திரேலியாவில் ரோப் என்ற ஊரில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து சில நூறு கிலோமீட்டர் காட்டு வழியே நடந்தே தங்க வயல்களுக்கு வந்தார்கள். அந்த நடையைப் பற்றித் தானே எழுதிய பாட்டை வாத்தியம் இல்லாமல் பாடினார்.

நடுவில் ஒரு பெரியவர் எழுந்து, பாட்டுக் கேட்க வந்தால் பாடம் எடுக்கிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே வெளியே போனார். எனக்கு அந்தப் பாடம் வேண்டியிருந்தது. மெட்டு மட்டும் என்றால் வீட்டிலேயே கேட்டுக்கொள்ளலாமே.

கான்பராவிலிருந்து

மேலே எழுதின அண்ணா சொல்வது சரி. நான் போனது நியூ சவுத் வேல்ஸ் தென்கரைப் பக்கம் உள்ள கொபார்கோ. பாற்பண்ணைகள் உள்ள சின்ன ஊர், கண்காட்சித் திடலில்தான் விழா நடக்கும். 2019 டிசம்பர் 31 விடியற்காலை காட்டுத்தீ வந்து பிரதான தெருவில் பல கட்டடங்களை எரித்துப் போட்டது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதே திடல்தான் அப்போது வீடிழந்த சனத்துக்கு நிவாரண முகாம். 2020 விழா நடக்கவில்லை. நான் பிள்ளைகளோடு போனது அதெல்லாம் முடிந்து விழா திரும்பவும் தொடங்கிய பிறகு.

எனக்குப் பிடித்தது காலையில் நடக்கும் "போயட்ஸ் பிரேக்ஃபாஸ்ட்". கையில் முட்டை ரோலும் தேத்தண்ணியும் வைத்துக்கொண்டு சனம் உட்கார்ந்திருக்கும், விரும்பின ஆள் எழும்பிக் கவிதை சொல்லலாம். தாள் பார்த்து வாசித்தால் மதிப்பில்லை, மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். அன்றைக்கு ஹென்றி லாசன், பாஞ்சோ பேட்டர்சன் என்ற இரண்டு பழைய ஆஸ்திரேலியக் கவிஞர்கள் போட்ட சண்டையை இரண்டு பேர் மேடையில் செய்து காட்டினார்கள். 1892இல் சிட்னியின் புல்லட்டின் பத்திரிகையில் நடந்த உண்மையான சண்டை இது. உள்நாட்டுக் காடும் வெளியும் வறட்சியும் ஈயும் பட்டினியும்தான் என்று லாசன் எழுத, நீ நகரத்துக்கே போ, உனக்குக் குதிரையும் வெளியும் விளங்காது என்ற கணக்கில் பேட்டர்சன் பதில் எழுத, மாறி மாறிக் கவிதையிலேயே அடித்துக்கொண்டார்கள். இதில் வேடிக்கை, இரண்டு பேருக்கும் காசு தேவைப்பட்டதால் பேசி வைத்துக்கொண்டு போட்ட சண்டை என்று பேட்டர்சன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

லாசனாக வந்தவர் தடித்த மீசை ஒட்டி, தொப்பியில் தூசி கொட்டிக்கொண்டு வந்தார். வறட்சியையும் தீயையும் பற்றி அவர் சொல்லிக்கொண்டு போகும்போது முன்னால் இருந்த ஊர்ச் சனத்தின் முகத்தைப் பார்த்தேன், யாருமே சிரிக்கவில்லை. பேட்டர்சனாக வந்தவர் அதைக் கவனித்திருக்க வேண்டும், தன்னுடைய முறை வந்தபோது கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் நின்று, "இந்த ஊரில் இன்றைக்கு அவன் வென்றுவிட்டான்" என்று தொப்பியைக் கழற்றிவிட்டார். அது எழுதி வைத்த வசனம் இல்லை என்றுதான் நினைக்கிறேன். பெரிய மேடையில் இதெல்லாம் நடக்காது.

பிரிஸ்பேனிலிருந்து

எனக்குத் தலைப்புக் கச்சேரிகள் மேல் கொஞ்சம் சந்தேகம்தான். நல்ல ஆள் நடத்தினால் நன்றாக இருக்கும், இல்லையென்றால் பேச்சு முக்கால் மணி, பாட்டு கால் மணி. அந்தப் பெரியவர் எழுந்து போனதில் எனக்குத் தப்பே தெரியவில்லை.

ஆனாலும் இங்கே குயின்ஸ்லாந்தில் வுட்ஃபர்ட் விழாவில் ஒன்று மனதில் நின்றது. 1987இல் மலேனியில் தொடங்கி 1994இல் வுட்ஃபர்டுக்கு வந்த விழா, டிசம்பர் 27 முதல் ஜனவரி 1 வரை, இங்கே கொளுத்தும் கோடை. அங்கே தொழிலாளர் பாட்டுகள் என்று ஒரு கூடாரத்தில் போட்டிருந்தார்கள். நான் நர்ஸ், யூனியன் மெம்பர், அதனால் எட்டிப் பார்த்தேன். 1891இல் குயின்ஸ்லாந்தில் ஆட்டு ரோமம் கத்தரிக்கும் தொழிலாளர்கள் செய்த வேலைநிறுத்தம்தான் விஷயம். பார்கால்டின் என்ற ஊரில் முகாம் போட்டு, மே 1 அன்று ஊர்வலம் போனார்கள். அரசு ராணுவத்தை அனுப்பித் தலைவர்களைப் பிடித்து, சதி வழக்குப் போட்டு மூன்று வருடம் செயின்ட் ஹெலினா தீவுச் சிறைக்கு அனுப்பியது. பிரிஸ்பேனுக்கு எதிரே மோர்டன் விரிகுடாவில் இருக்கிற தீவு, நான் வேலைக்கு வண்டி ஓட்டிப் போகும் வழியிலேயே ஒரு திருப்பத்தில் கடல் தெரியும், அந்தப் பக்கம் ஜெயில் இருந்ததே எனக்குத் தெரியாது. கடைசிப் பாட்டை எல்லாரும் எழுந்து நின்று பாடினார்கள். எனக்கு வார்த்தை தெரியாது, பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்கார அம்மா ஒவ்வொரு வரியையும் பாடுவதற்கு முன்னால் என் காதில் சொல்லிக்கொண்டே வந்தார். வேர்வையும் சன்ஸ்கிரீனுமாக அவர் தோள் என் தோளில் ஒட்டிக்கொண்டிருந்தது.

மற்றபடி வுட்ஃபர்டுக்குப் போனால் டிசம்பர் 31 ராத்திரி பதினொன்றரைக்கு மெழுகுவத்தி பிடித்து மொத்த விழாவும் மூன்று நிமிடம் வாய் திறக்காமல் நிற்பதையும், மறுநாள் விடியலில் குன்று மேல் பாடுவதையும் விட்டுவிடாதீர்கள். மழை வந்தால் சேறு முழங்கால் வரை. கம்பூட்ஸ் (ரப்பர் பூட்ஸ்) கட்டாயம்.

ஜீலாங்கிலிருந்து

விக்டோரியாக் கடலோரத்தில் உள்ள போர்ட் ஃபேரி விழாவை யாரும் சொல்லவில்லையே. எங்கள் ஊர் நாட்டுப்புற இசைக் கழகம்தான் 1977இல் அதைத் தொடங்கியது, அதனால் எங்களுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. மார்ச் மாதத் தொழிலாளர் தின வார இறுதி. ஊரின் பழைய பெயர் பெல்ஃபாஸ்ட், திமிங்கில வேட்டைக்காரர்கள் தங்கிய துறைமுகம். அதனால் கடல் பாட்டு அங்கே பொருத்தம்.

அங்கே ஒருவர் பாடிக் காட்டாமல் முதலில் ஒரு தடித்த கயிற்றை எடுத்து வந்தார். கூட்டத்தில் பத்துப் பேரைக் கூப்பிட்டு வரிசையாகப் பிடிக்க வைத்தார், மறுமுனையில் நாலு தடியர்கள். அவர் தனியாக ஒரு வரி பாடும்போது நாங்கள் சும்மா பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், கோரஸில் குறிப்பிட்ட இரண்டு தாளத்தில் மட்டும் சேர்ந்து இழுக்க வேண்டும். கப்பலில் பாய் ஏற்றும் பாட்டு அப்படித்தான் கட்டப்பட்டது, தனி வரி மூச்சு வாங்க, கோரஸ் இழுக்க. நங்கூரச் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றித் தள்ளும் வேலைக்குப் பாட்டே வேறு, நடையோடு நிற்காமல் போகும். நீராவிக் கப்பல் வந்ததும் வேலையும் போனது, பாட்டும் கப்பலை விட்டு இறங்கியது. தாளம் தப்பி நாங்கள் ஆளுக்கொரு நேரம் இழுத்தபோது கயிறு அசையவே இல்லை, சரியாக விழுந்த அந்த ஒரு கோரஸில் எதிர்ப் பக்கத்து நாலு பேரும் தடுமாறி முன்னால் வந்தார்கள். உள்ளங்கை சிவந்துபோனது. இதைவிட நல்ல விளக்கம் யாராலும் தர முடியாது.

குறை என்று பார்த்தால் காற்று. மார்ச்சிலும் கடல் காற்று குளிர் வாட்டும், ஜாக்கெட் எடுத்துப் போங்கள்.

மெல்பர்னிலிருந்து (மறுபடியும் நான்)

பிரிஸ்பேன் அக்காவுக்கு: பேச்சு நீளும் என்பது உண்மைதான். நான் வைத்திருக்கும் வழி, நடத்துபவர் கையில் எத்தனை தாள் இருக்கிறது என்று பார்ப்பது. கத்தையாக இருந்தால் கதவுக்குப் பக்கத்தில் உட்காருங்கள்.

தனிச் செய்தியில் ஒருவர் குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா என்று கேட்டிருந்தார். தாராளமாக. ஆனால் தலைப்புக் கச்சேரியில் கால் மணி நேரம்தான் தாங்குவார்கள், சாயங்காலம் எல்லாரும் சேர்ந்து ஆடும் நாட்டுப்புற ஆட்டமான புஷ் டான்ஸுக்கு அழைத்துப் போங்கள். அங்கே ஆடத் தெரியாது என்று யாரும் ஒதுங்க முடியாது, மைக்கில் ஒருவர் அடுத்த அசைவைச் சொல்லிக்கொண்டே இருப்பார், ஆட்டம் முடிவதற்குள் பாதி ஊர் உங்கள் கையைப் பிடித்து ஆடிவிட்டிருக்கும். லாகர்ஃபோன் என்று ஒன்றைப் பிள்ளைகள் கையில் கொடுப்பார்கள். துடைப்பக் கட்டை முழுக்க பீர் பாட்டில் மூடிகளை லூசாக ஆணி அடித்து வைத்திருக்கும், தரையில் குத்தினால் ஜல்லென்று கேட்கும், வெட்டுப் போட்ட குச்சியால் இழுத்தால் கரகரவென்று இன்னொரு சத்தம். 1950களில் சிட்னியில் புஷ்வேக்கர்ஸ் குழு மேடையில் வைத்து வாசித்த பிறகுதான் இது நாடு முழுக்கப் பரவியது. என் பையன் வீட்டுக்கு வந்ததும் ஒன்று செய்ய வேண்டும் என்று அடம் பிடித்தான், நான் குடிப்பதில்லை, பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாதம் மூடி சேர்த்துக் கொடுத்தார். அவருக்கு அது ஒன்றும் கஷ்டமாக இல்லை.

பாட வேண்டும் என்று ஆசை இருப்பவர்களுக்கு "பிளாக்போர்டு கச்சேரி" பல விழாக்களில் உண்டு. காலையிலேயே போய்க் கரும்பலகையில் பெயர் எழுதிவிட வேண்டும், ஆளுக்கு இரண்டு மூன்று பாட்டு. மதியத்துக்குள் பலகை நிரம்பிவிடும். மடக்கு நாற்காலி கொண்டு போனால் தாழ்வானதாக வாங்குங்கள், உயரமானது என்றால் பின்வரிசைக்குப் போகச் சொல்லிவிடுவார்கள்.

டாஸ்மேனியாவில் சிக்னெட் விழாவுக்கு ஜனவரியில் யாராவது போயிருக்கிறீர்களா? அங்கே என்ன தலைப்புகள் வைக்கிறார்கள், தங்க இடம் எப்படி என்று எழுதுங்கள். அடுத்த கோடைக்கு அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.