எழுத்துப்பூர்வ பதிலுக்கு எழுதிக் கொடுத்ததெல்லாம் கேள்விக் கணக்கில் சேருமா?

பின்வரிசை:
இரண்டு நாளாக ஒரு படம் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு எம்.பி.யின் முகத்தைப் பெரிதாகப் போட்டு, "கேள்விக்கணைகளால் ஒன்றிய அரசைத் துளைத்தவர், முதலிடம்" என்று. சரி, என்னதான் கேட்டார் பார்ப்போம் என்று மக்களவை இணையதளத்தில் தேடினேன். பட்டியல் நீளம்தான். ஆனால் கிட்டத்தட்ட எல்லாமே நட்சத்திரக் குறி இல்லாத கேள்வி. எழுதிக் கொடுப்பது, எழுத்தில் பதில் வாங்குவது, அவ்வளவுதான். அமைச்சரும் எழுந்திருக்க வேண்டாம், இவரும் எழுந்திருக்க வேண்டாம். நட்சத்திரக் கேள்வி என்றால்தான் அமைச்சர் அவையில் நின்று வாய் திறக்க வேண்டும், அந்தப் பதிலை வைத்து அங்கேயே துணைக் கேள்வி போட்டு மடக்க முடியும். இரண்டையும் ஒரே கூட்டலில் போட்டு முதலிடம் என்பது பித்தலாட்டம்.

தராசுமுள்:
ஆரம்பித்துவிட்டீர்களா அண்ணே. ஒரு நாளைக்கு மக்களவைப் பட்டியலில் நட்சத்திரக் கேள்வி 20, மற்றது 230. யாருடையது மேலே வரும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. குலுக்கலில் விழவில்லை என்றால் அவர் என்ன செய்வார்? அந்த 20-ம் கூட கேள்வி நேரம் என்று ஒதுக்கிய ஒரு மணி நேரத்தில் முடிவதில்லை. 2019 நவம்பரில் ஒரு நாள் இருபதையும் எடுத்து முடித்தபோது, 1972-க்குப் பிறகு இதுதான் முதல் தடவை என்று செய்தியே வந்தது. வாய்ப்பே இல்லாத இடத்தில் போய் ஏன் பேசவில்லை என்று கேட்கிறீர்கள்.

பின்வரிசை:
குலுக்கல் எல்லோருக்கும் ஒன்றுதானே தம்பி? ஐந்து வருஷத்தில் மற்றவர்களுக்கு விழுகிறது, இவருக்கு மட்டும் விழாதா? நான் கேட்டது ஒன்றே ஒன்று. எழுத்தில் வாங்கிய பதிலைத் "துளைத்தார்" கணக்கில் சேர்க்கலாமா, கூடாதா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

ஊர்க்குருவி:
சேர்க்கலாம். 2020 செப்டம்பர் கூட்டத்தொடர் நினைவிருக்கிறதா? கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள். நட்சத்திரக் கேள்வி ஒன்றுகூடக் கிடையாது, எழுத்துப் பதில் மட்டும்தான். ஊரடங்கில் சொந்த ஊருக்கு நடந்தே போன தொழிலாளர்கள் எத்தனை பேர் செத்தார்கள் என்ற கேள்விக்கு, அப்படிப்பட்ட தரவு எதுவும் இல்லை என்று தொழிலாளர் அமைச்சகம் பதில் கொடுத்தது. நாடே கொதித்தது. அந்தப் பதில் எதில் வந்தது? நீங்கள் பித்தலாட்டம் என்று சொல்லும் அதே எழுத்துக் கேள்வியில். செத்தவர்களை அரசாங்கம் எண்ணக்கூட இல்லை என்பது வெளியே வர ஒரு எழுத்துக் கேள்விதான் தேவைப்பட்டது, இதைவிட என்ன துளைக்க வேண்டும்?

பின்வரிசை:
அது நல்ல கேள்வி, அதனால் நல்ல விளைவு. இந்த எம்.பி. கேட்டதையும் எடுத்துப் படித்துப் பாருங்கள். (அ) இந்தத் திட்டம் குறித்து அரசு அறியுமா, (ஆ) ஆம் எனில் அதன் விவரங்கள், (இ) இல்லை எனில் அதற்கான காரணங்கள். ஒரே அச்சு. துறைப் பெயரையும் திட்டப் பெயரையும் மாற்றினால் அடுத்த கேள்வி தயார். அதிலும் பல கேள்விகளில் நாலைந்து எம்.பி.க்களின் பெயர் வரிசையாக நிற்கிறது. ஒரே கேள்வி, ஒரே பதில், நாலு பேர் கணக்கில் நாலு தடவை ஏறும். இதை நான் போன வருஷமே இங்கே எழுதினேன், அப்போது தராசுமுள் என்னை "வேலையில்லாத ஆள்" என்றார். மறக்கவில்லை.

தராசுமுள்:
போன வருஷச் சண்டையை ஏன் இழுக்கிறீர்கள்? நான் சொன்னது உங்களை இல்லை என்று அப்போதே விளக்கம் கொடுத்துவிட்டேன்.

பின்வரிசை:
என் பதிவுக்குக் கீழே எழுதினால் வேறு யாரைச் சொன்னீர்கள்?

சட்டப்புத்தகம்:
நண்பர்களே, கேள்வியை எண்ணுவதைவிட எப்படி ஓட்டுப் போட்டார் என்று பார்ப்பதுதான் முக்கியம் இல்லையா? அங்கே பார்த்தால் ஒன்றும் இருக்காது. பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் போய்விடுகின்றன. ஆம் என்போர், இல்லை என்போர், முடிந்தது. யார் எந்தப் பக்கம் என்று பெயர் பதிவாவது டிவிஷன், அதாவது ஓட்டை எண்ணிப் பதியும் வாக்கெடுப்பு, கேட்டு நடத்தினால்தான். 2020-ல் வேளாண் சட்டங்கள் மாநிலங்களவையில் அப்படித்தான் குரலிலேயே நிறைவேறின. எதிர்க்கட்சிகள் டிவிஷன் கேட்டும் நடக்கவில்லை, மறுநாள் எட்டு எம்.பி.க்கள் சஸ்பெண்ட்.

கார்மேகம்:
இருக்கையில் உட்கார்ந்து கேட்டிருந்தால் டிவிஷன் கிடைத்திருக்கும். மேசைமேல் ஏறி விதிப்புத்தகத்தைக் கிழிக்கப் பார்த்தால் எங்கே கிடைக்கும்?

ஊர்க்குருவி:
டிவிஷன் கொடுக்காததால்தானே இருக்கையை விட்டு அவையின் மையப்பகுதிக்கு வந்தார்கள்! வரிசையை மாற்றிச் சொல்லாதீர்கள் கார்மேகம்.

கார்மேகம்:
வரிசை எனக்குத் தெரியும், நேரலையில் பார்த்தவன் நான்.

சட்டப்புத்தகம்:
அப்படியே டிவிஷன் நடந்தாலும் அது அவருடைய ஓட்டா? 1985-ல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்ததிலிருந்து இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்ற கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறினால், ஓட்டுப் போடாமல் இருந்தால்கூட, கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால் பதவி போகலாம். அதனால் வாக்குப் பதிவு என்பது கட்சியின் பதிவுதான். தனிமனிதராக ஒரு எம்.பி. செய்யக்கூடியது கேள்வி கேட்பது ஒன்றே.

பின்வரிசை:
நன்றாகச் சொன்னீர்கள், அதனால்தான் அந்தக் கேள்வி உருப்படியாக இருக்க வேண்டும் என்கிறேன்! ஓட்டில் கை கட்டிவிட்டார்கள், சரி. கேள்வியில் யார் கட்டினார்கள்? 1957-ல் முந்த்ரா விவகாரம், அந்தத் தொழிலதிபரின் கம்பெனிப் பங்குகளில் அரசின் எல்.ஐ.சி. பணம் போன கதை. அவையில் கேள்வியாகத் தொடங்கியதை ஃபெரோஸ் காந்தி விடாமல் பிடித்துக்கொண்டார். ஆளுங்கட்சிக்காரர், போதாததற்குப் பிரதமரின் மருமகன். நீதிபதி சாக்ளாவின் விசாரணை வந்தது, 1958 பிப்ரவரியில் நிதி அமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். அதற்குப் பெயர் துளைப்பது.

கார்மேகம்:
டி.டி.கே.யைப் பலி கொடுத்த கதையைப் பெருமையாகச் சொல்கிறீர்கள். அதிகாரிகள் செய்ததற்கு அவர் பொறுப்பேற்றார், ஒரு பைசா அவர் வீட்டுக்குப் போகவில்லை. தமிழ்நாட்டு ஆள் என்றால் டெல்லியில் எப்போதும் இதுதான் நிலைமை.

பின்வரிசை:
அவர் பைசா எடுத்தார் என்று நான் எங்கே சொன்னேன்? துறை செய்ததற்கு அமைச்சர் பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் நாடாளுமன்றம். பிறகு 1960-களில் திரும்ப நிதி அமைச்சர் ஆனாரே, அதையும் டெல்லியின் சதி என்பீர்களா?

தராசுமுள்:
முந்த்ரா வரை போய்விட்டீர்கள், என் எம்.பி.க்கு மட்டும் நேரே பதில் இல்லை. அவர் கேட்டதால் எங்கள் ரயில் பாதைக்கு எவ்வளவு நிலம் எடுக்கப்பட்டது என்ற விவரம் எழுத்தில் கிடைத்தது. அந்தத் தாளை வைத்துத்தான் நாங்கள் மனு கொடுத்தோம். அமைச்சர் அவையில் பேசியிருந்தால் இரண்டு நிமிஷம் சமாளித்துவிட்டு உட்கார்ந்திருப்பார்.

பின்வரிசை:
"என் எம்.பி."யா? அப்படியா சேதி! இவ்வளவு நேரம் நடுநிலை மாதிரி பேசினீர்களே. சரி, அந்த மனு என்ன ஆயிற்று?

தராசுமுள்:
பரிசீலனையில் இருக்கிறது. என் தொகுதி எம்.பி. என்றால் என் எம்.பி.தானே, இதில் என்ன கண்டுபிடித்துவிட்டீர்கள்?

பின்வரிசை:
பரிசீலனை! துணைக் கேள்வி கேட்டிருந்தால் எந்த மாதம் முடியும் என்று அமைச்சர் அவையில் சொல்லியிருக்க வேண்டும், சொன்னால் அது வாக்குறுதி, அமைச்சர்கள் கொடுத்த வாக்கு நிறைவேறியதா என்று பார்க்கும் நாடாளுமன்றத்தின் அரசு உறுதிமொழிக் குழு மூன்று மாதத்தில் வந்து கேட்கும்.

ஊர்க்குருவி:
எழுத்துப் பதிலில் கொடுத்த உறுதியையும் அதே குழுதான் கேட்கும். அதையும் படித்துவிட்டு வாருங்கள்.

பின்வரிசை:
படித்துவிட்டுத்தான் பேசுகிறேன். நட்சத்திரக் கேள்வி எத்தனை, அதில் அவையில் எழுந்து நின்றது எத்தனை, இந்த இரண்டு எண்ணையும் தனித்தனியாக அந்தப் படத்தில் போடச் சொல்லுங்கள். போட்டால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

தராசுமுள்:
உங்கள் தொகுதி எம்.பி.யின் எண்ணை முதலில் போடுங்கள், அப்புறம் பேசலாம்.

பின்வரிசை:
அவர் அமைச்சர். அமைச்சர்கள் கேள்வி கேட்பதில்லை என்பதுகூடத் தெரியாமலா கணக்குப் போட வந்தீர்கள்?