மோதிர விரல் நீளமாக இருந்தால் ஆட்டிசமா? யார் கிளப்பிவிட்டது இதை?

திருநகர்க்காரன்:
நேற்று இங்கே ஒரு புண்ணியவான் போட்ட பதிவு: "கருவில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் கூடினால் பிள்ளைக்கு ஆட்டிசம். மோதிர விரல் ஆள்காட்டி விரலைவிட நீளமாக இருப்பதே அடையாளம். கேம்பிரிட்ஜ் நிரூபித்துவிட்டது." இன்று காலை எதிர்வீட்டுப் பாட்டி பேரன் கையை நோட்டில் அமுக்கி வைத்து அடிஸ்கேலால் அளக்கிறார், அவன் கூச்சத்தில் விரலை மடக்கி மடக்கிச் சிரிக்கிறான். உருப்படுமா இது?

மேலமாசி மாறன்:
புண்ணியவான் நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம் அண்ணே. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் சைமன் பாரன்-கோஹன் குழு 2009இல் 235 பிள்ளைகளை வைத்து ஆராய்ச்சி வெளியிட்டது. கருவில் அந்த ஹார்மோன் கூடக்கூட ஆட்டிசச் சாயலுக்கான மதிப்பெண்ணும் கூடியது. படித்துவிட்டு வாங்க.

திருநகர்க்காரன்:
படித்துவிட்டுத்தான் கேட்கிறேன். அங்கே விரலையா அளந்தார்கள்? பனிக்குட நீரில் ஹார்மோனை அளந்தார்கள், பிள்ளைகள் வளர்ந்த பிறகு அம்மாக்களிடம் கேள்வித்தாள் கொடுத்தார்கள். விரல் எங்கே வந்தது?

ஆனையூர் அம்மா:
சாயல் வேறு, டாக்டர் உறுதிசெய்த ஆட்டிசம் வேறு தம்பிகளா. அந்த 235 பேரும் சாதாரணமாக வளர்ந்த பிள்ளைகள். முதலில் அதைப் பேசுங்களேன்.

மேலமாசி மாறன்:
அக்கா, அது அப்புறம். விரல் நீளம் கருவில் இருந்த ஹார்மோனைக் காட்டும் என்று எத்தனையோ கட்டுரைகள் இருக்கின்றன. ஆண்களுக்கு மோதிர விரல் நீளம், இது ஊரறிந்தது.

திருநகர்க்காரன்:
சராசரியில் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். அதை வைத்து ஒரு தனிப் பிள்ளையைப் பார்த்து என்ன சொல்ல முடியும்? எனக்கும் மோதிர விரல்தான் நீளம், என் தம்பிக்கும்தான். எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துவிடுவீரா? விரல் எங்கே வந்தது, அதைச் சொல்லும்.

செல்லூர் செல்வி:
எனக்குக் கரு தங்க மாசக்கணக்கில் ஊசி போட்டார்கள். அதுவும் ஹார்மோன்தானே? இதைப் படித்ததிலிருந்து வயிற்றைக் கலக்குகிறது.

ஆனையூர் அம்மா:
கரு தங்கப் போடுவது பெரும்பாலும் புரோஜெஸ்டிரோன் கண்ணு. இவர்கள் அடித்துக்கொள்வது டெஸ்டோஸ்டிரோனுக்காக. எதற்கும் உன் டாக்டரிடம் கேட்டுக்கொள், இவர்களிடம் கேட்காதே.

மேலமாசி மாறன்:
235 பேர் போதாதென்றால் டென்மார்க்கைப் பாருங்கள். ஆட்டிசம் என்று பின்னாளில் உறுதியான 128 ஆண்பிள்ளைகளின் பனிக்குட நீர் மாதிரியில் ஸ்டீராய்டு ஹார்மோன்கள் (டெஸ்டோஸ்டிரோனும் அந்த வகைதான்) கூடுதலாக இருந்தன. இது சாயல் இல்லையே, இப்போது என்ன சொல்வீர்கள்?

திருநகர்க்காரன்:
அதிலும் விரல் இல்லை என்பேன்! இன்னொன்று, 2016இல் வேறொரு குழு பனிக்குட நீரையும் பார்த்தது, அட்ரினல் சுரப்பிக் கோளாறால் கருவிலேயே ஆண் ஹார்மோன் கூடிய பிள்ளைகளையும் பார்த்தது. இரண்டிலும் ஆட்டிசச் சாயலோடு தொடர்பு கிடைக்கவில்லை. அதை மட்டும் ஏன் பகிரவில்லை? போன சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும் நேரத்தைத் தப்பாகப் போட்டு எங்களை நடுராத்திரியில் ஆழ்வார்புரத்தில் நிற்கவைத்த ஆள்தானே நீர். பாதிதான் படிப்பீர்.

மேலமாசி மாறன்:
அந்த நேரம் எனக்கு வந்த செய்தியில் இருந்தது! நீங்கள் கோரிப்பாளையம் பக்கம் நின்றுவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்றால் அதற்கும் நானா பொறுப்பு?

வைகைக்கரை:
அழகரை ஏன்யா இழுக்கிறீர்கள்? கோரிப்பாளையத்தில் நின்றாலும் நன்றாகத் தெரியும், நான் வருஷா வருஷம் அங்கேதான் நிற்கிறேன்.

திருநகர்க்காரன்:
உமக்குத் தெரிந்திருக்கும், தோளில் ஏறி நின்றிருப்பீர். மாறன் பேச்சை மாற்ற வேண்டாம். நான் நாலு தடவை கேட்டாயிற்று, விரல் எங்கே வந்தது?

மேலமாசி மாறன்:
ஆண்பிள்ளைகளுக்குத்தான் ஆட்டிசம் அதிகம், பெண்ணுக்கு ஒன்று என்றால் ஆணுக்கு மூன்று நாலு. ஹார்மோன் இல்லாமல் வேறெதனாலாம்? பதில் இருக்கிறதா?

ஆனையூர் அம்மா:
மரபணுவுக்குப் பெரிய பங்கு. அதோடு பெண்பிள்ளைகளிடம் கண்டுபிடிக்காமலே விட்டுவிடுகிறார்கள். என் மகளுக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. யாராவது படிக்கிறீர்களா நான் எழுதுவதை?

வைகைக்கரை:
தோளில் ஏறினேனா? திருநகரிலிருந்து வந்து எங்களுக்குப் பாடம் எடுக்கிறாரே.

திருநகர்க்காரன்:
விரலுக்குப் பதில் வரும்வரை யாருக்கும் நான் பதில் சொல்வதாக இல்லை. மாறன், பதிவு இன்னும் அப்படியே இருக்கிறது, பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மேலமாசி மாறன்:
இருக்கும். இன்னும் ரெண்டு குழுவிலும் போட்டிருக்கிறேன், அங்கேயும் வந்து கேளுங்கள்.