அதோ என்றொரு ஆசிரியர்: பியேர் அதோவைப் படித்தவர்களின் அனுபவங்கள்

முதல் பதிவு, பாரிசிலிருந்து

புதுச்சேரியில் அப்பா இறந்தபோது நான் பாரிசில் ஓர் ஓட்டலில் இரவு வரவேற்பு மேசையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். காரியம் முடித்துத் திரும்பிய மறுவாரம், கூட வேலை பார்த்தவர் ஒருவர் மார்க்கஸ் அவ்ரேலியஸ் எழுதிய குறிப்புகளின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பைக் கையில் கொடுத்தார். "படி, ஆறுதலாக இருக்கும்" என்றார்.

ஆறுதல் கிடைக்கவில்லை. ஆறாம் பகுதியின் 13ஆவது குறிப்பில் அந்த ரோமப் பேரரசர் தன் முன்னால் இருக்கும் விருந்தைப் பார்க்கிறார். இது மீனின் பிணம், இது பறவையின் பிணம், இது பன்றியின் பிணம் என்கிறார். பெயர்பெற்ற ஃபலெர்னிய மதுவைத் திராட்சைச் சாறு என்கிறார். தான் உடுத்தியிருக்கும் செந்நீல அரச மேலாடையை, கிளிஞ்சலின் இரத்தத்தில் தோய்த்த ஆட்டு மயிர் என்கிறார். ஆண்பெண் கூடலைப் பற்றியும் அதே ரீதியில் ஒரு வரி. அப்பாவைச் சுடுகாட்டில் வைத்துவிட்டு வந்தவனுக்கு இப்படிப் பேசுகிற மனிதர் வேண்டியிருக்கவில்லை. மூடி வைத்துவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து, சேன் நதிக்கரையில் பச்சைப் பெட்டிகளில் பழைய புத்தகம் விற்பார்களே, அங்கே அதே அரசரைப் பற்றிய ஒரு தடித்த நூல் கிடைத்தது. பெயர் 'அகக் கோட்டை', 1992இல் வந்தது. எழுதியவர் பியேர் அதோ (Hadot), பழங்காலத் தத்துவத்தை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர். பிரெஞ்சில் முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் விழுங்கிவிடுவதால் அந்தப் பெயர் நம் 'அதோ' போலவே ஒலிக்கும். அதோ பார் என்று கைநீட்டிக் காட்டும் சொல். வாழ்நாள் முழுக்கப் பார்வையைப் பற்றியே எழுதியவருக்கு இப்படி ஒரு பெயர் வாய்த்ததை நினைத்தால் தமிழ் தெரிந்ததற்கு எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

அந்த நூலில் நான் வெறுத்த அதே குறிப்பை அவர் எடுத்துப் பேசுகிறார். மார்க்கஸை மனம் கசந்துபோனவர் என்று பலர் சொல்லிவந்தார்கள். அபின் பழக்கத்தால்தான் இப்படியெல்லாம் எழுதினார் என்றுகூட ஓர் ஆய்வாளர் வாதிட்டார். அதோ கேட்பது வேறு கேள்வி. இந்த வரியை யார், யாருக்கு, எதற்காக எழுதினார்? பதில் எளிமையானது. மார்க்கஸ் தனக்குத் தானே எழுதிக்கொண்டார். டானூப் நதியோரப் போர்முகாம்களில், கிரேக்க மொழியில், வேறு யாரும் படிப்பார்கள் என்று நினைக்காமல். ஒரு பொருள் மேல் நாம் ஏற்றி வைத்திருக்கும் மதிப்பைக் கழற்றிவிட்டு, அது என்னவோ அதை மட்டும் சொல்லிப் பார்ப்பது, கிரேக்க ரோம உலகில் வழங்கிய ஸ்டோயிக் தத்துவத்தில் ஒரு பயிற்சி. அந்த வரி மார்க்கஸின் அபிப்பிராயம் அல்ல, அவர் செய்துகொண்டிருந்த பயிற்சியின் ஒரு சுற்று.

எங்கள் தெருவில் நாகஸ்வரம் வாசிப்பவர் ஒருவர் இருந்தார். விடியற்காலையில் ஒரே பிடியைத் திரும்பத் திரும்ப வாசிப்பார். அதைக் கேட்டுவிட்டு, இவருக்கு இந்தப் பிடியைத் தவிர வேறு எதுவும் வராது போலிருக்கிறது என்று யாராவது முடிவு கட்டினால் எப்படி? அது கச்சேரி இல்லை, சாதகம். மார்க்கஸை நான் கச்சேரியாகக் கேட்டுவிட்டேன். அதோ 'ஆன்மீகப் பயிற்சி' என்று பெயரிட்டதை நான் மனதுக்குள் சாதகம் என்றே சொல்லிக்கொள்கிறேன்.

சரி, அதே மார்க்கஸ் மூன்றாம் பகுதியில் இன்னொன்று எழுதுகிறார். ரொட்டி வேகும்போது மேலே அங்கங்கே வெடிக்கும். ரொட்டி சுடுபவர் நினைத்துச் செய்ததல்ல அது, ஆனாலும் கண்ணுக்கு அழகாக இருக்கிறது, பசியைத் தூண்டுகிறது. அத்திப்பழம் நன்றாகக் கனிந்ததும் பிளக்கிறது. ஒலிவக் காய் அழுகப்போகும் தறுவாயில் ஒரு தனி அழகு பெறுகிறது. கதிர் தலைசாய்கிறது. காட்டுப்பன்றியின் வாயில் நுரை வழிகிறது. இதையெல்லாம் ரசிக்கிறார். விருந்தைப் பிணம் என்று சொன்ன அதே கை. மதிப்பைக் கழற்றிவிட்டுப் பார்ப்பவருக்குத்தான் வெடிப்பின் அழகு தெரியும் என்பதை அதோ காட்டியபோது, மூடி வைத்த புத்தகத்தை மறுபடி எடுத்தேன்.

என் வேலை காலை ஆறரைக்கு முடியும். ஓட்டலுக்கு எதிரில் ரொட்டிக் கடை. இங்கே நீள ரொட்டியின் மேல் பிளேடால் கீறிவிட்டுத்தான் அடுப்பில் வைப்பார்கள், அதனால் அந்தக் கோடுகள் ஒழுங்காக இருக்கும். ஆனால் அடிப்பக்கத்திலோ ஓரத்திலோ, கீறாத இடத்தில் தானாக ஒரு வெடிப்பு விழுந்திருக்கும். பல வருடமாக வாங்கித் தின்ற ரொட்டியில் அதை அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

அதோவின் வாழ்க்கையிலும் ஒரு ரொட்டிக் கடை வருகிறது. 1963இல், மூன்றாம் நூற்றாண்டுத் தத்துவஞானி புளோட்டினஸைப் பற்றிய சிறு நூலை ஒரு மாதம் வீட்டுக்குள் அடைந்து கிடந்து எழுதியிருக்கிறார். முடித்துவிட்டு ரொட்டி வாங்க வெளியே வந்தபோது, கடையில் நின்ற சாதாரண மனிதர்களைப் பார்க்க, ஏதோ தெரியாத உலகத்துக்கு வந்துவிட்டது போல இருந்ததாம். உடலை விட்டு மேலே மேலே போகும் புளோட்டினஸின் பாதையிலிருந்து பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விலகி, இந்த உலகத்தைப் பார்க்கச் சொல்லும் ஸ்டோயிக்குகளின் பக்கம் வந்தார்.

1922இல் பாரிசில் பிறந்தவர், வளர்ந்தது ரேம்ஸ் நகரில். தாய்க்குப் பக்தி அதிகம். இரண்டு அண்ணன்களைப் போல இவரும் 1944இல் கத்தோலிக்கக் குருவானார், 1952இல் விலகினார். சிறுவனாக ஓர் இரவு குருமடப் பள்ளியிலிருந்து வீட்டுக்கு நடந்து வரும்போது வானம் முழுக்க விண்மீன்களைப் பார்த்து, அச்சமும் இன்பமும் கலந்த ஓர் உணர்வு வந்ததை முதிய வயதிலும் சொல்லியிருக்கிறார். தான் இங்கே இருக்கிறோம், உலகம் இருக்கிறது என்பதே வியப்பாகப் போயிற்று. குருமடம் கற்பித்த பக்தியோடு அந்த உணர்வுக்கு ஒட்டே இல்லை என்பதையும் அவரே சொல்கிறார்.

ஆனால் இந்த விண்மீன் கதையைவிட என்னை அதிகம் தொட்டது அவருடைய உழைப்பு. நான்காம் நூற்றாண்டில் மரியுஸ் விக்டோரினுஸ் என்றொரு லத்தீன் ஆசிரியர் இருந்தார். படிக்கக் கடினமானவர். அதோ அவரோடு இருபது வருடம் மல்லுக்கட்டினார். 1960இல் பால் ஆன்ரியோடு சேர்ந்து பதிப்பித்தார். அதற்குள் புதைந்திருக்கும், புளோட்டினஸின் மாணவர் போர்ஃபிரியின் சிந்தனையைத் தோண்டியெடுத்து 1968இல் ஆய்வேடு தந்தார். 'யார், யாருக்கு, எதற்காக' என்ற கேள்வி திடீரென்று உதித்ததல்ல. சொல் சொல்லாகக் கையெழுத்துப்படிகளை ஒப்பிட்டுப் பார்த்த கண்ணிலிருந்து வந்தது. பழைய நூல்களில் முரண்பாடு தெரிந்தால் ஆசிரியர் குழம்பிவிட்டார் என்று உடனே சொல்லாதே, அவர் எதிரில் உட்கார்ந்திருந்த மாணவன் யார் என்று பார் என்கிறார். ஆறுதல் தேடிப் போன எனக்கு அவரிடம் கிடைத்தது வாசிக்கும் முறைதான்.

மறுமொழி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

தம்பி, நீங்கள் சொன்ன அந்த 13ஆம் குறிப்பைப் படித்ததும் எனக்குப் பட்டினத்தார்தான் நினைவுக்கு வந்தார். உடம்பை எலும்பு, தோல், நரம்பு என்று பிரித்துப் போடுவதில் நம்மவருக்கு யாரும் நிகரில்லை. முப்பது வருடம் வகுப்பில் அந்தப் பாடல்களை 'நிலையாமை' என்று தலைப்புப் போட்டு, கருத்து எழுதச் சொல்லி, மதிப்பெண் கொடுத்திருக்கிறேன். இது பாடுகிறவர் தன் மனதுக்குக் கொடுத்த பயிற்சியாக இருக்குமோ என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அதோவின் கட்டுரைகளை மகள் வாங்கி அனுப்பிய ஆங்கிலப் பதிப்பில் படித்தபோது, ஓய்வு பெற்ற பிறகு இது தெரிய வந்ததே என்று வருத்தமாகத்தான் இருந்தது.

அந்தக் கட்டுரைகளில் ஒன்று, வாழக் கற்றல், உரையாடக் கற்றல், இறக்கக் கற்றல் என்று போய், வாசிக்கக் கற்றலில் முடிகிறது. வாசிப்பை இறப்புக்கு அப்புறம் வைத்திருக்கிறாரே என்று முதலில் திகைத்தேன். கடைசியில், படிக்கக் கற்றுக்கொள்ள எனக்கு எண்பது ஆண்டு ஆயிற்று, இன்னும் முடிந்தபாடில்லை என்ற பொருளில் ஜெர்மன் கவிஞர் கெத்தே சொன்னதை எடுத்துக்காட்டுகிறார். எனக்கு 71 நடக்கிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பட்டினத்தாரும் மார்க்கஸும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. மார்க்கஸ் எதையும் துறக்கவில்லை. மறுநாள் காலை அதே மேலாடையை உடுத்திக்கொண்டு நாட்டை ஆளப் போகிறார். இப்படிக் கிரேக்கத்தையும் கீழைநாட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது அதோவுக்கே வெகுகாலம் பிடிக்கவில்லை. 1995இல் வந்த 'பழங்காலத் தத்துவம் என்றால் என்ன?' என்ற நூலில், இரண்டுக்கும் இடையே மனதைக் கலக்கும் ஒற்றுமைகள் இருப்பதாக ஒப்புக்கொள்கிறார். வரலாற்றுத் தொடர்பு காட்ட முடியாவிட்டாலும் ஒன்றை வைத்து மற்றொன்றைப் புரிந்துகொள்ளலாம் என்கிறார். அந்த நிதானம் எனக்குப் பிடித்திருக்கிறது.

புளோட்டினஸைப் பற்றி ஒரு செய்தி. அவருடைய மாணவர் போர்ஃபிரியே எழுதி வைத்தது. பாரசீகத் தத்துவத்தையும் இந்தியத் தத்துவத்தையும் நேரில் அறிய வேண்டும் என்று, 39ஆம் வயதில் பேரரசர் கோர்டியனின் கிழக்குப் படையெடுப்போடு கிளம்பினாராம். மெசப்பொத்தேமியாவில் கோர்டியன் கொல்லப்பட, இவர் தப்பிப் பிழைத்து அந்தியோக்கியா சேர்ந்து, பிறகு ரோமுக்குப் போய்விட்டார். அவர் இங்கே வந்து சேர்ந்திருந்தால் யாரைச் சந்தித்திருப்பார் என்று சில இரவுகளில் யோசித்தபடியே தூங்கிப் போகிறேன்.

மறுமொழி, ஆய்வு மாணவி

எனக்கு அதோ அறிமுகமானது ஒரு மறுப்பு வழியாக. கிரேக்கத் தத்துவத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன். முதல் வருடம் அவர் பெயரைச் சொன்னபோது, "அது பக்தி, தத்துவம் இல்லை" என்று ஒரு பேராசிரியர் ஒதுக்கிவிட்டார். அப்புறம் பிரின்ஸ்டனைச் சேர்ந்த ஜான் கூப்பர் 2012இல் எழுதிய நூலைப் படித்தேன். அவர் ஒதுக்கவில்லை, எதிர்வாதம் வைக்கிறார். பழங்காலத்தில் தத்துவம் ஒரு வாழ்க்கைமுறை என்பதை ஏற்கிறார். ஆனால் அந்த வாழ்க்கையை நடத்தியது பகுத்தறிவும் வாதமும்தான், தியானம் போன்ற பயிற்சிகள் அல்ல என்கிறார்.

எனக்கு இதில் பாதிக்குப் பாதி உடன்பாடு. மார்க்கஸுக்கும் அவருக்கு முந்திய ஸ்டோயிக் ஆசிரியர் எபிக்டெட்டஸுக்கும் அதோவின் சாவி கச்சிதமாகப் பொருந்துகிறது. அரிஸ்டாட்டிலின் தர்க்க நூல்களைத் திறக்கும்போது கொஞ்சம் இடறுகிறது. அரிஸ்டாட்டிலுக்கும் அறிதலில் ஆழ்ந்திருப்பதே ஒரு வாழ்க்கைமுறை என்று அதோ பதில் சொல்கிறார். சரிதான். ஆனாலும் அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது எனக்கு வேண்டியிருப்பது வாதத்தைப் பின்தொடரும் பொறுமை மட்டுமே.

யாரும் சொல்லாத இன்னொன்று. 1966இல் அதோவை மணந்த இல்ஸ்ட்ரோட் அதோவும் இதே துறை அறிஞர். ரோம ஸ்டோயிக் தத்துவவாதி செனக்காவையும் கிரேக்க ரோம மரபில் ஆன்ம வழிகாட்டலையும் பற்றிய அவருடைய ஜெர்மன் நூல் 1969இலேயே வந்துவிட்டது. ஆன்மீகப் பயிற்சி பற்றிய பியேர் அதோவின் புகழ்பெற்ற கட்டுரைக்கு அது முந்தியது. எபிக்டெட்டஸின் கைந்நூலுக்குச் சிம்ப்ளிசியுஸ் எழுதிய உரையைக் கிரேக்கத்தில் பதிப்பித்தவரும் அவர்தான். அந்தப் பதிப்பை நூலகத்தில் எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மழைக்காலம் முழுக்க நாளுக்குப் பத்து வரி கையால் பெயர்த்தெழுதினேன். பத்து வரிக்கு மேல் ஓடாது. கணவர் பெயரைச் சொல்லும் இடத்தில் அவர் பெயரையும் சொல்லுங்கள்.

மறுமொழி, இரண்டு பிள்ளைகளின் தாய்

நான் அதிகம் படித்தவள் இல்லை. குழந்தையை முத்தமிடும்போது 'நாளைக்கு நீ இறந்துபோகலாம்' என்று மனதுக்குள் சொல்லிக்கொள் என எபிக்டெட்டஸ் சொன்னதை எங்கோ படித்துவிட்டு, வாயைக் கழுவு என்று கத்தாத குறை. பிறகுதான் அந்த வரியை மார்க்கஸ் தன் குறிப்பில் எடுத்தெழுதி வைத்திருப்பது தெரிந்தது. அவருக்குப் பதின்மூன்றுக்குக் குறையாத பிள்ளைகள், பாதிக்கு மேல் அவருக்கு முன்பே போய்விட்டார்கள். யார் எழுதினார் என்று தெரிந்தபின் அதே வரி வேறு மாதிரி இருக்கிறது. இப்போதும் என்னால் அதைச் சொல்ல முடியவில்லை. ஆனால் இரவு விளக்கணைக்கும் முன் இரண்டு முகத்தையும் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பார்க்கிறேன்.

முதல் பதிவிட்டவரின் மறுமொழி

அம்மா, உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன்.

ஐயா, ஓய்வு பெற்ற பிறகு தெரிந்ததே என்று வருந்த வேண்டாம். பாரிசின் உயர்கல்வி நிறுவனமான கொலேழ் து பிரான்சில் அதோவுக்குப் பேராசிரியர் இருக்கை கிடைத்தபோதே அவருக்கு அறுபது வயது. 1983இல்தான் தொடக்க உரை நிகழ்த்தினார். அவர் பெயரை முன்மொழியத் தூண்டியது அங்கே பேராசிரியராக இருந்த தத்துவவாதி மிஷேல் ஃபூக்கோ. அடுத்த ஆண்டே ஃபூக்கோ இறந்துவிட்டார், இருவரும் பேச வேண்டியது நின்றுபோயிற்று. அங்கே பட்டம் கிடையாது, தேர்வு கிடையாது, கட்டணமும் கிடையாது, யார் வேண்டுமானாலும் போய் உட்கார்ந்து கேட்கலாம். அவர் 1991இல் ஓய்வு பெற்றார், நான் இந்த ஊருக்கு வந்தது அதற்கு வெகுநாள் கழித்து. 2010 ஏப்ரலில் அவர் இறந்ததே, அந்தப் பச்சைப் பெட்டியில் புத்தகம் கிடைத்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

போன மாதம் ஊருக்குப் பேசும்போது, அந்த ரொட்டிக் குறிப்பைத் தமிழில் அம்மாவுக்குச் சொல்லிக் காட்டினேன். யார் எழுதியது என்றெல்லாம் கேட்கவில்லை. "நம்ம ஊர் ரொட்டியிலும் வெடிப்பு இருக்குமே. உங்கப்பா அந்த இடத்தைத்தான் முதலில் பிய்ப்பார்" என்றார்.