உள்ளங்கைச் சொரியாசிஸ்: பாஸி 3.6, டி.எல்.கியூ.ஐ. 19. எதை எழுதுவது?

கேள்வி (சருமக் கிளினிக் தாதி, திருகோணமலை)
நோயாளி மீன் வெட்டும் தொழில் செய்பவர். இரண்டு உள்ளங்கையிலும் விரல் நுனி வரை சொரியாசிஸ், வேறெங்கும் இல்லை. பாஸி (PASI, நோயின் பரப்பையும் கடுமையையும் பார்த்து நாம் போடும் புள்ளி) 3.6 வருகிறது, டி.எல்.கியூ.ஐ. (DLQI, தோல் நோய் அன்றாட வாழ்வை எவ்வளவு பாதிக்கிறது என்று நோயாளியே நிரப்புவது) படிவத்தில் 19. கோப்பில் ‘இலேசானது’ என்று போட மனம் ஒப்பவில்லை. கணக்கில் பிழையா? நிறையப் பேர் 9ஆவது கேள்வியை, அதாவது தாம்பத்திய உறவு பற்றியதை, நிரப்பாமலே தருகிறார்கள். அதை எப்படிக் கணிப்பது?

நெய்தல்
கணக்குச் சரி, மிஸ். விரல்களோடு சேர்த்து நோயாளியின் ஒரு உள்ளங்கை ஏறத்தாழ உடற்பரப்பின் 1%. பாஸியில் தோளிலிருந்து விரல் வரை கைகள் இரண்டும் சேர்ந்தது 20%. அதில் 2% என்றால் அந்தப் பகுதியின் 10%, ஆகவே பரப்புப் புள்ளி 2. சிவப்பு 3, தடிப்பு 3, செதில் 3: மொத்தம் 9. 9 × 2 × 0.2 (கைகளின் 20%) = 3.6. மூன்றுக்கும் உச்சமான 4 போட்டாலும் 4.8ஐத் தாண்டாது. பாஸியின் உச்சம் 72. கத்தி பிடிக்க முடியாமல் வெடித்துப்போன கை அதில் தெரியவே தெரியாது.

அதனால்தான் 2011 ஐரோப்பிய இணக்கப்பாட்டில், இரண்டு புள்ளியும் 10க்குள் இருந்தாலும் உள்ளங்கை, முகம், பிறப்புறுப்பு, நகம் பாதித்தால் நோயின் கடுமைத் தரத்தை உயர்த்தலாம் என்று வைத்தார்கள். இவருக்கோ டி.எல்.கியூ.ஐ.யே 10ஐத் தாண்டிவிட்டது. இரண்டு எண்ணையும் இடத்தையும் எழுதுங்கள். ‘இலேசானது’ வேண்டாம்.

படிவக்காரர்
9ஆவது கேள்வி: ஒன்று மட்டும் வெறுமை என்றால் 0 போட்டுக் கூட்டலாம். இரண்டு வெறுமை என்றால் அந்தப் படிவத்துக்குப் புள்ளியே இல்லை. ‘பொருந்தாது’ என்று அடையாளமிட்டால் அது வெறுமை அல்ல, 0. மாமியாரோ மகனோ பக்கத்தில் இருந்தால் அந்தக் கேள்விக்கு ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். கூட வந்தவரை வெளியே இருத்துங்கள். வாசிக்கத் தெரியாதவருக்கு அச்சிலுள்ள சொல்லையே வாசியுங்கள், விளக்கம் சொல்லப்போனால் பதில் உங்களுடையதாகிவிடும். 16 வயதுக்குக் கீழே சிறுவர் படிவம்.

நெய்தல்
இன்னும் இரண்டு விசயம். நம் நிறத் தோலில் சிவப்பு ஊதாவாகவோ கபிலமாகவோதான் தெரியும். ரியூப் லைட்டில் 1 என்று போட்டது யன்னல் வெளிச்சத்தில் 3 ஆகலாம். காலையில் எண்ணெயோ களிம்போ பூசி வந்தால் செதில் மறைந்துவிடும். பூசாமல் வரச் சொல்லுங்கள்.

தாதி
நன்றி. போன மாதம் 19, இப்போது 15 என்றால் குணமா?

படிவக்காரர்
4 புள்ளி குறைந்தால் பொருட்படுத்தத்தக்க மாற்றம்தான். ஆனால் படிவம் கேட்பது கடந்த 7 நாளை மட்டும். மாரியில் கடல் கொந்தளித்து வள்ளங்கள் போகாத கிழமை என்றால் வெட்ட மீனும் இல்லை. கை அப்படியே இருக்க, 7ஆவது கேள்வியில் தொழில் தடைப்பட்டதற்கான 3 புள்ளி தானாகவே போய்விடும். அந்தக் கிழமை வேலைக்குப் போனாரா என்று திகதிக்குப் பக்கத்தில் குறித்துவையுங்கள்.